முகம் கழுவியதால் வந்த வினை: வெயில் ஆகாதவள் பிச்சாவரம் போன கதை

வெயிலுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்று இரண்டு வருடமாகிறது. லூபஸ் என்று ஒரு நோய். கொஞ்சம் வெயில் பட்டாலே தோல் சிவந்து தடித்துவிடும், பின்னாலேயே மூட்டு வலியும் காய்ச்சலும் வரும். கடலூரில் நில அளவையராக இருக்கிறேன். வரப்பில் நின்று நிலம் அளந்தவளை அலுவலகத்துக்குள் கணினி முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். ஜன்னலுக்குக்கூடத் திரை போட்டாயிற்று.

இந்தத் தை மாதம் என் தோல் மருத்துவர் ஒரு வழி சொன்னார். "நோய் இப்ப அடங்கியிருக்கு. சன்ஸ்கிரீன் ஒழுங்காப் போட்டுக்கிட்டு காலை நேரத்துல ஒரு தடவ வெளிய போயிட்டு வாங்க. தடிப்பு வரலன்னா பழைய வேலையப் பத்திப் பேசலாம்." எனக்குத் தண்ணீரும் மரமும் பார்க்க வேண்டும்போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம், அங்கிருந்து பிச்சாவரம் என்று முடிவு செய்தோம். கூட வந்தவர் என் வீட்டுக்காரர். தாய்மாமன் மகன் என்பதால் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே எனக்கு அவர் மாமாதான்.

நான் வாங்கியது எஸ்.பி.எஃப். 50, 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்று போட்டது (எல்லா வகைப் புற ஊதாக் கதிரையும் தடுக்கும் என்று அர்த்தம்), வாசனை இல்லாதது, ஜிங்க் ஆக்சைடு சேர்ந்தது. காலாவதி தேதியைப் பார்த்து வாங்குங்கள். வாங்கிய அன்றே முகத்தில் அப்பிக்கொள்ளாமல் முழங்கையின் உட்பக்கம் தடவிச் சில நாள் பார்த்தேன், அரிப்பு இல்லை. அளவுதான் முக்கியம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வருவது முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். பட்டாணி அளவு வைத்துத் தேய்ப்பது சும்மா மனத்திருப்திக்கு. காது, பிடரி, புறங்கை, பாதத்தின் மேல்பக்கம் எல்லாவற்றுக்கும் போட்டேன். கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும்.

மாமா பார்த்துவிட்டு, "இன்னாடி, கூத்துக்கு வேஷம் கட்டினாப்புல கீற?" என்றார். ஜிங்க் அப்படித்தான், வெள்ளை பூக்கும். போய்யா என்று பஸ் ஏறினேன்.

காலை ஆறரைக்குக் கடலூரில் பஸ். தெற்கே போகிற வண்டியில் காலை வெயில் இடப்பக்கம்தான் விழும், வலப்பக்கம் உட்காருங்கள். புதுச்சத்திரம் தாண்டியதும் வயலெல்லாம் பனியில் பாதி கரைந்து கிடந்தது. தூங்கினேனா விழித்திருந்தேனா தெரியவில்லை. வெள்ளாற்றுப் பாலத்தில் கண்ணைத் திறந்தபோது ஆறு முழுக்க வெளிச்சம். அடடா, இவ்வளவு வெளிச்சத்தையா இரண்டு வருடமாகத் திரை போட்டு மறைத்தேன்! ஒன்றரை மணி நேரத்தில் சிதம்பரம்.

பிச்சாவரத்துக்கும் சேர்த்து ஒரு ஆட்டோ பேசி, பையை அதிலேயே வைத்துவிட்டுக் கோயிலுக்குள் போனோம். கல் குளிர்ந்து கிடந்தது. தூணுக்கும் தூணுக்கும் இடையில் நிழல், அப்புறம் ஒரு துண்டு வெயில், மறுபடி நிழல். எங்கோ மணி அடித்துக்கொண்டே இருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிடலாம்போல இருந்தது. வெளியே வரவே மனமில்லை.

அங்கிருந்து பிச்சாவரம் பதினைந்து கிலோமீட்டர். போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து ஆட்டோவுக்கு அறுநூறு ரூபாய். படகுக் கட்டணம் மாறிக்கொண்டே இருக்கிறது, அங்கே பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். துடுப்புப் படகு எடுத்தோம். பக்கத்துக் குப்பத்துக்காரர் ஒருவர் வலித்தார். தண்ணீர் அசையாமல் இருந்தது. சுரபுன்னை மரங்கள் வேரைத் தண்ணீரில் ஊன்றி நின்றன. மேலே ஒரு காடு, கீழே ஒரு காடு, நடுவில் நாங்கள். கன்னத்தில் இதமாக வெயில் பட்டது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"இன்னாடி, வேஷத்தக் காணோம்? மூஞ்சி பளிச்சினு கீது?" என்றார் மாமா.

கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். கோயில் வாசல் குழாயில் கால் கழுவியபோது முகத்தையும் கழுவியிருந்தேன்! சாமி கும்பிடப் போகுமுன் காலும் முகமும் கழுவுவது எங்கள் வீட்டுப் பழக்கம். அதை நான் முகம் கழுவியதாகவே கணக்கில் வைக்கவில்லை. பாதமாவது சேலைக்குள் மறைந்திருந்தது.

"ஐயோ மாமா, கோயில்ல கழுவிட்டேன். டியூப்பு பையில கீது."

"பையி ஆட்டோல கீது," என்றார். முகம் செத்துவிட்டது அவருக்கு.

படகுக்காரர் துடுப்பை நிறுத்தினார். "இன்னாக்கா, ஒடம்பு சரியில்லயா?"

"அவுங்களுக்கு வெயிலு ஆவாதுங்க," என்றார் மாமா.

"அப்ப நேரா போவ வாணாம். வெட்டவெளி, தண்ணில பட்டு அடிக்கிற வெயிலு வேற ஜாஸ்தி. கால்வா உள்ள பூந்து போனா சுத்து, ஆனா நெழலு."

படகு குறுகலான கால்வாய்க்குள் நுழைந்தது. மாமா தோளில் கிடந்த துண்டை என் தலைக்கு மேல் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். "கல்யாணத்துல கூட எனக்கு இவ்ளோ நேரம் பந்தல் புடிக்கல நீ," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. இலைகளுக்கு நடுவே பச்சை வெளிச்சம் வழிந்தது, எங்கோ ஒரு பறவை கூப்பிட்டது. எனக்குப் பயம்தான். அப்படியும் அந்த இடத்தை விட்டுப் போக மனம் வரவில்லை.

கரைக்கு வந்ததும் முகத்தைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை ஒன்றுமில்லை. செவ்வாய் காலை கண்ணாடியில் பார்த்தால் கன்னம், மூக்கு, நெற்றி எல்லாம் சிவப்பு. குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். போச்சு, எல்லாம் போச்சு.

நடந்ததைக் கேட்டுவிட்டு மருத்துவர் முகத்தைப் பார்த்தார். கழுத்தைக் காட்டச் சொன்னார், பிறகு காது, பிடரி, கை. "முன்னெல்லாம் உங்களுக்கு எங்க மொதல்ல வரும்?"

"கழுத்துலயும் கையிலயும்தான் டாக்டர்."

"இப்ப அங்க ஒண்ணுமே இல்லையே. முகத்துல கழுவின எடத்துல மட்டும்தான் வந்திருக்கு. க்ரீம் இருந்த எடத்துல வரல."

கண்ணாடி கொடுத்தார். தாடையோரமாக ஒரு கோடு. அதற்கு மேலே சிவப்பு, கீழே என் பழைய தோல். எத்தனை வயலுக்கு எல்லை காட்டியிருக்கிறேன், இவ்வளவு தெளிவான எல்லையைப் பார்த்ததில்லை. தடிப்பைப் பார்த்துச் சந்தோஷத்தில் அழுதவள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

என்னைப்போல நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பாதீர்கள். மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திரும்பப் போடுங்கள். முகம் கழுவினாலும் வியர்த்துத் துடைத்தாலும் உடனே போடுங்கள். டியூப்பை வண்டிச் சூட்டில் விடாமல் கையோடு வைத்திருங்கள். க்ரீம் இருக்கிறதே என்று தொப்பியையும் முழுக்கைச் சட்டையையும் விட்டுவிடாதீர்கள். மேகமாக இருந்தாலும் போட வேண்டும்.

தடிப்பு ஒருவழியாக அடங்கிவிட்டது. காலை நேரத்துக்கு மட்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். நாளை ஏழு மணிக்குக் குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு வயலை அளக்கப் போகிறேன். அந்த வரப்பில் என் நிழல் நீளமாக விழும். அதைப் பார்த்து இரண்டு வருடமாயிற்று.