லோரெய்ன் திருப்பி எறிந்த பந்து

சிகாகோ பேஸ்பால் மைதானத்தின் கூரையில்லாத கேலரியில் பாதி வாழ்க்கையைக் கழித்தவர்கள் லோரெய்னும் அவள் கணவன் கேஸும். அவள் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். அவன் இறைச்சிக் கடையில் வேலை பார்த்தான். கேஸுக்கு ஒரே ஓர் ஆசைதான். எல்லை தாண்டிப் பறந்து வரும் ஹோம் ரன் பந்து ஒன்றாவது தன் கையில் விழ வேண்டும். பாழாய்ப்போன பந்துகள் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் போயின. நேற்று வந்தவனெல்லாம் பிடித்தான். கேஸ் மட்டும் கையுறையை மாட்டிக்கொண்டு கடைசிவரை நின்றான்.

போன மார்ச்சில் மாரடைப்பில் போய்விட்டான். இப்போது லோரெய்ன் தனியாக வருகிறாள். பெஞ்சில் அவன் இடத்தில் பையை வைப்பாள். யாராவது அங்கே உட்காரக் கேட்டால் எரிந்து விழுவாள்.

அன்றைக்கு எதிரணியின் நட்சத்திரம் தன் ஐந்நூறாவது ஹோம் ரன்னை அடித்தான். பந்து வானத்தில் ஏறி, சொல்லிவைத்தாற்போல் லோரெய்னின் மடியில் வந்து விழுந்தது. அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷமல்ல, கோபம். போன வருஷமே வந்து தொலைத்திருக்கக் கூடாதா?

"திருப்பி எறி! திருப்பி எறி!" கூட்டம் கத்தத் தொடங்கிவிட்டது. எதிரி அடித்த பந்தை வைத்துக்கொள்வது அந்தக் கேலரியில் மானக்கேடு.

பல வருஷமாகப் பக்கத்தில் உட்காரும் டுவேன் அவள் காதருகே குனிந்தான். "லோரெய்ன், அவசரப்படாதீங்க. இத வித்தா ஒரு வீடே வாங்கலாம். பையில கேஸோட டூப்பு பந்து இருக்குல்ல? அத எறிஞ்சிடுங்க. எவனுக்குத் தெரியப் போவுது?"

இருந்தது. இப்படி ஒரு நாள் வந்தால் ஊரை ஏமாற்றத்தான் கேஸ் அந்தப் பழைய பந்தை வருஷக்கணக்காகச் சுமந்தான். ஆட்டம் முழுக்க அதை விரல்களுக்குள் உருட்டிக்கொண்டே இருப்பான்.

லோரெய்ன் பைக்குள் கைவிட்டாள். தையலோரத்தில் அவன் கட்டைவிரல் பட்டுப் பட்டுத் தோல் வழவழத்துக் குழிந்திருந்தது. தன் விரலை அதில் வைத்துப் பார்த்தாள். அவனுடையது பெரிய விரல்.

"சீக்கிரம், அந்தப் பழசத்தான்!"

"வாய மூடு, டுவேன்."

எழுந்தாள். மடியிலிருந்த புதுப் பந்தை எடுத்து, பலத்தையெல்லாம் கூட்டி எறிந்தாள். அது புல்தரையில் உருண்டபோது கேலரியே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. டுவேன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"ஒரு வீட்டையே தூக்கி எறிஞ்சிட்டீங்களே!"

"எங்கிட்ட வீடு இருக்கு," என்றாள் லோரெய்ன். "அதுல அவருதான் இல்ல."