பூண்டு உரித்த கை

பூண்டு உரிக்காதவர்களுக்குத்தான் பூண்டுச் சட்னி அதிகம் பிடிக்கும். இந்த எரிச்சல் எனக்கு ஒன்பது வயதில் வந்தது. இன்னும் போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தியைப் பெண் பார்க்க ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து கிள்ளானிலிருந்த எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வருவதாக இருந்தது. தோசையையும் பூண்டுச் சட்னியையும் வைத்தே மாப்பிள்ளை வீட்டாரை மடக்கிவிடலாம் என்று அம்மாவுக்கு நம்பிக்கை. ஒரு கிலோ பூண்டை என் முன்னால் கொட்டினார். அண்ணனுக்குப் பேட்மிண்டன் இருந்ததாம். எனக்கு மட்டும் ஒன்றும் இல்லையாம். நகக்கண் எரிய எரிய உரித்தேன். அம்மா அதை ஊறவைத்த காய்ந்த மிளகாயோடும் புளியோடும் அரைத்து, நல்லெண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை கிளறினார். சித்தி அந்தப் பக்கமே வரவில்லை. அவருக்குப் பூண்டு வாடையே ஆகாது.

ஆட்கள் வருவதற்குச் சற்று முன் சித்தி என்னை அறைக்குள் கூப்பிட்டுத் தலை வாரிவிட்டார்.

"பாப்பா, யாரு என்ன கேட்டாலும் பொய் மட்டும் சொல்லாத லா, சரியா?"

நான் எப்போது பொய் சொன்னேன்? அதற்கும் கோபம் வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா மூன்று தோசை சாப்பிட்டுவிட்டு, சட்னி யார் செய்தது என்று கேட்டார்.

"எல்லாம் பொண்ணுதான். விடியக்காலையில எழுந்து தனியா செஞ்சா" என்றார் அம்மா, கண்ணைக்கூட இமைக்காமல்.

"அப்புறம் என்ன, ஆபீஸ் வேலைய விட்டுறட்டும். எங்க வீட்டுக்கு இந்தக் கைதான் வேணும்."

அப்பா தலையாட்டினார். சித்தி தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். யார் கையை யார் கை என்கிறார்கள்?

"பொய்!" என்று கத்தினேன். "அம்மா அரைச்சாங்க, நான்தான் உரிச்சேன். வேணும்னா மோந்து பாருங்க ஆன்டி!"

என் கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். போதாததற்கு சித்தியின் கையையும் இழுத்து நீட்டினேன். அதில் சோப்பு மணந்தது.

காப்பிகூடக் குடிக்காமல் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். கார் முச்சந்தியைத் தாண்டுவதற்குள் அம்மா ரோத்தான் பிரம்பை எடுத்துவிட்டார். காலில் நான்கு அடி, நான்கு கோடு. பொய் சொன்னவர் அடிக்கிறார், உண்மை சொன்ன நான் வாங்குகிறேன்! பொய் சொல்லாதே என்று எனக்குப் புத்தி சொன்ன சித்தி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். எல்லாரையும்விட அவர்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

அடுத்த ஞாயிறு அம்மா மறுபடியும் பூண்டைக் கொட்டினார். சித்தி வந்து என் முன்னாலிருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இனிமே நீ உரிக்க வேணாம் பாப்பா."

முகத்தைச் சுளித்துக்கொண்டே, கண்ணில் நீர் வழிய, கடைசிப் பல் வரைக்கும் அவரே உரித்தார். மறுநாள் அந்த வாடையோடுதான் பெட்டாலிங் ஜெயாவிலிருக்கும் ஆபீசுக்கு ரயிலேறினார். அதற்குப் பிறகும் பல வருடம் அப்படித்தான் போய்வந்தார்.

அந்த ஞாயிறு அவர் உரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரைக் காப்பாற்றியது என் கைதான் என்று தெரியாமல், அதை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, நன்றாக வேண்டும் என்று முறைத்தபடி நின்றேன்.