பட்டியில பெல்ட் கட்டுன ஜாஸ்மின் புள்ள

ஜாசு கண்ணு... போயிட்டியாமா நீ?

ஜாசு வேலை பாத்த கம்பெனியில இருந்து நேத்து ராத்திரிதான் போன் வந்துச்சுங்க. காய்ச்சல்னு சேலத்துல ஆஸ்பத்திரில சேத்தாங்களாம், முந்தாநேத்து போயிருச்சாம். நேத்தே அடக்கமும் பண்ணீட்டாங்களாம்.

அடக்கத்துக்கு முன்னால எனக்குச் சொல்லோணும்னு யாருக்கும் தோணல. நான் யாருன்னு அவிங்க வீட்டுல என்ன தெரியும்...

ஜாஸ்மினை உங்கள்ல பாதிப் பேரு பாத்திருப்பீங்க. பொங்கலுக்கு நான் போட்ட போட்டோவுல ஆட்டுக்குட்டியைத் தூக்கி வெச்சுக்கிட்டு சிரிக்குமே, கண்ணாடி போட்ட புள்ள. அதுதாங்க. நான் ஜாசுன்னுதான் கூப்பிடுவேன்.

சேலம் டவுன் புள்ள, இன்ஜினியர். செம்மறி ஆட்டுக்குக் கழுத்துல பெல்ட் கட்டி, அதுல சென்சார் வெச்சு, எது சொணங்கி நிக்குது, எது ஒதுங்கிப் போச்சுன்னு போன்ல காட்டற வேலை. மல்லசமுத்திரம் பக்கம் எங்க ஆட்டுப் பட்டியத்தான் டெஸ்டுக்கு எடுத்தாங்க.

மொத தடவை வந்து கம்பம் நட்டு, மேல ஒரு பொட்டியை வெச்சுட்டுப் போச்சு. பெல்ட்டெல்லாம் அந்தப் பொட்டிக்குத்தான் சேதி சொல்லுமாம்.

நாங்க பட்டிக்காரங்க. எருவுக்காக யாரு கூப்பிடறாங்களோ அவிங்க வயக்காட்டுல மூங்கில் தட்டிப் படலைச் சுத்திக் கட்டி ஆட்டை அடைப்போம். அங்க முடிஞ்சா படலைத் தூக்கிட்டு அடுத்த காடு. அது அந்தப் புள்ளைக்குத் தெரியாது. தெரியாதுங்கறது எங்களுக்கும் தெரியாது.

அடுத்த வாரம் வந்து பாத்தா மொட்டைக் காட்டுல கம்பம் மட்டும் நிக்குது... போன் பண்ணி ஆடெல்லாம் எங்கேக்கான்னு கேக்குது. ரெண்டு காடு தள்ளி எங்களைக் கண்டுபுடிச்சு வந்து சேர்றதுக்குள்ள அதுக்கே சிரிப்பு தாங்கல.

"டவரை நட்டுட்டு ஊரையே தொலைச்சுட்டேன்க்கா."

அப்புறம் பொட்டியைப் படல்லயே கட்டிருச்சு.

ஆனா அதோட தீரல. மேயறப்ப ஆடு தள்ளிப் போயிரும், பொட்டிக்கு எட்டாது. அதனால ஒரு பெல்ட்டு பக்கத்து ஆட்டு பெல்ட்டுக்குச் சொல்லி, அது அதுக்கு அடுத்ததுக்குச் சொல்லி... அப்படித்தான் சேதி வந்து சேருமாம்.

பக்கத்து ஆடு நகந்து போயிட்டா? இந்த பெல்ட்டுக்குத் தெரியாது. போனதையே கூப்பிட்டுக்கிட்டு கெடக்கும். கூப்பிட்டுக் கூப்பிட்டே பேட்டரி தீந்துரும். மொளகு மாதிரி பேட்டரிங்க, அதுல எவ்வளவு இருந்துரும்...

அப்பச் சீக்கிரமா விட்டுட்டு வேற ஆட்டைப் புடிக்கச் சொல்லு சாமின்னேன்.

"அதுவும் தப்புக்கா. சும்மா ஒரு வேலிக்குப் பின்னால போயிருக்கும், திரும்பி வந்துரும். எவ்ளோ நேரம் கூப்பிட்டுப் பாத்துட்டு விடணும்ங்கறதுதான் எனக்கு இன்னும் பிடிபடல."

அதைக் கண்டுபுடிக்கத்தான் மாசக்கணக்கா எங்க பின்னால வெயில்ல அலைஞ்சுச்சு.

ஒரு நாள் பெல்ட்டைத் தன்ற கழுத்துலயே கட்டிக்கிட்டு ஆட்டோட ஆடா நடந்துச்சு. சேதி வந்தா போன்ல பச்சை, அறுந்தா செவப்பு. நான் போனைப் புடிச்சுக்கிட்டு எது வருதுன்னு கத்தோணும்.

ரோட்டுல டிவிஎஸ்ல போன ஒரு அண்ணன் வண்டியை நிறுத்தி, இந்த ஆடு என்ன வெலைங்கன்னு கேட்டாரு.

"பல்லைப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்கண்ணா"ன்னு ஈன்னு காட்டுச்சுங்க. அவரு சிரிச்ச சிரிப்புல வண்டி ஆஃப் ஆயிருச்சு.

போன மாசம் பெரிய ரோட்டைத் தாண்டி வேற காட்டுக்குப் பட்டியை மாத்துனோம். ஆடு முன்னால, படல் பின்னால டெம்போவுல. லாரி ஹாரன், புழுதி... ஜாசு போனைப் பாத்துக்கிட்டே ஓடி வருது.

போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு பெல்ட்டு கூட செவப்பு ஆகல.

அப்படியே மண்ணுல உக்காந்து அழுதுச்சுங்க. நானும் எதுக்குன்னே தெரியாம கூட உக்காந்து அழுதேன்.

அப்பப் பாத்து அவிங்கம்மா போன். கண்ணைத் தொடச்சுட்டு, சாப்பிட்டேன்மா, ஆபீஸ்லதான் இருக்கேன், ஏசிதான் ஜாஸ்தியா இருக்குன்னு பேசுது. பின்னால ஆடு கத்துது.

"அது யாரோ ரிங்டோன்மா."

எனக்கு வாயைப் பொத்திக்க வேண்டியதாப் போச்சு. போனை வெச்சுட்டுச் சொல்லுச்சு... வெயில்ல அலையறேன்னு தெரிஞ்சா அம்மா வேலைக்கே விடாதுக்கா, இது முடியட்டும், நானே கூட்டிட்டு வந்து காட்டறேன்னு.

இன்னிக்குக் காலைல உன்ற நம்பர்ல இருந்து போன் வந்துச்சு ஜாசு. சொல்லு சாமின்னுதான் எடுத்தேன்.

உங்கம்மா.

"நீங்கதான் பட்டியக்காங்களா? எம்புள்ள போன்ல அந்தப் பேருக்குத்தாங்க நெறைய தடவை பேசியிருக்கு..."

அழாமத்தான் பேசுனாங்க. நானும் அந்த ஆபீஸ்தான்னு நெனச்சுட்டாங்க போல, நீ வேலை பாத்த எடத்தை ஒரு தடவை பாக்கணுமாம். உன்ற சீட்டுல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போயிடறேன்னாங்க.

வாங்கம்மான்னுட்டேன். வேற என்ன வாய்ல வருது... இப்படிக் கெடக்கறவிங்ககிட்ட, உங்க புள்ள பொய் சொல்லுச்சுன்னா சொல்ல முடியும்?

நாளைக்கு வாராங்க. பட்டி இப்ப வேற காட்டுல. நீ உக்காந்து அழுத எடத்தை உழுதுட்டாங்க.

நல்லபடியாப் போயிட்டு வா சாமி. வெயில் படாத எடமா இரு.

உன்ற சீட்டுன்னு நான் எதைக் காட்டட்டும் கண்ணு, உங்கம்மாவுக்கு?