மரத்த விரல்

தேங்காய் கீறும்போது கத்தி நழுவி இடது கையில் இரண்டு விரல் கிழிந்தது. முத்தியால்பேட்டையில் வீட்டு வாசலிலேயே சாயங்காலம் தோசைக்கடை போடுகிறேன். தட்டு கழுவுவது என் வீட்டுக்காரர். அவர்தான் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

விரல் அடியில் மரப்பு ஊசி போட்டுத் தைத்தார்கள். நடுவில் கட்டு, நுனி வெளியே. மரப்பு விடுகிறவரை சூட்டுப் பக்கம் போகக்கூடாது, சுட்டாலும் தெரியாது என்று சிஸ்டர் எங்கள் இரண்டு பேரிடமும்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் இன்றைக்குக் கடை வேண்டாம் என்றார் அவர். மாவு பொங்கி நின்றது. நாளைக்குப் புளித்துவிடும் என்றேன். திரும்பவும் சொன்னார். நான் அடுப்பைப் பற்றவைத்தேன். என்னோடு சண்டை போட அவருக்கு வராது.

தினமும் சாப்பிட வரும் ஆட்டோக்காரர் கட்டைப் பார்த்தார்.

"வெரலு இருக்காக்கா, சட்னியில போயிடுச்சா?"

"தட்டுல வந்தா சொல்லு" என்றேன்.

ஒரு தோசை ஒட்டிக்கொண்டது. சுரண்டும்போது கல் நகராமல் இடது கையால் துணி வைத்து ஓரத்தைப் பிடிப்பேன். சூடு ஏறினால் கை தானாக விட்டுவிடும். அன்று விடவில்லை. துணி விலகியதும் தெரியவில்லை.

ஏதோ கருகுகிறது என்றார் ஆட்டோக்காரர். தோசைதான் என்று சொல்லிச் சுரண்டிக்கொண்டே இருந்தேன். அவர் என் கையைக் காட்டினார். என் வீட்டுக்காரர் தட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்து கையை இழுத்தார். தோல் கல்லிலேயே நின்றுவிட்டது.

அதே ஆஸ்பத்திரி. அதே சிஸ்டர். விரலைப் பார்த்தவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரரிடம் திரும்பினார்.

"மரத்துப்போன கையோட பொம்பளைய அடுப்புல நிக்க வெச்சிருக்கீங்க. ஒரு நாள் கடை இல்லன்னா என்னா ஆயிடும்?"

"அவரு வேணாம்னுதான் சொன்னாரு சிஸ்டர். நான்தான் கேக்கல."

"எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றீங்க, புருஷன விட்டுக்குடுக்காம."

பெஞ்சில் இருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். மறுபடியும் சொன்னேன். சொல்லச் சொல்ல இன்னும் மோசமாகத்தான் பார்த்தார்கள். விரல் அப்போதும் வலிக்கவில்லை. என்னால் தலை நிமிர முடியவில்லை.

ஒரு விரல் இப்போது முழுசாக மடங்குவதில்லை. வேலைக்குப் பழகிவிட்டது. கட்டு மாற்றப் போன நாளெல்லாம் அவர் என்னை ஆஸ்பத்திரி கேட்டிலேயே இறக்கிவிட்டார். ஒரு தடவை உள்ளே வாங்க என்று கூப்பிட்டேன்.

"வண்டிய யாராவது பாத்துக்கணுமில்ல" என்றார்.