ரோச்சின் கால் போன இடம்

ரோச்சுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. அது எங்கே போனது என்பதுதான் வழக்கு. காக்கிநாடாவுக்குக் கிழக்கே கடலுக்குள் நின்ற எண்ணெய் ரிக்கில், கிரேன் தூக்கிய இரும்புக் குழாய் நழுவி விழுந்து போனது என்று அவர் சொன்னார். தருவைகுளத்து மச்சினனின் விசைப்படகில், வலை இழுக்கிற வின்ச்சில் சிக்கிப் போனது என்று ஒரு காகிதம் சொன்னது. காகிதத்தின் கீழே இருந்த கையெழுத்தும் ரோச்சுடையதுதான்.

நான் தூத்துக்குடியில் வக்கீல் ஜெயஷீலாவிடம் பதினெட்டு வருடமாகக் குமாஸ்தா. கட்சிக்காரர்களின் பொய்யைக் கேட்டுக் கேட்டு எனக்கு நெஞ்சில் ஈரமே இல்லாமல் போய்விட்டது என்று என் மனைவி கிருபை சொல்வாள். இருக்கலாம். ஆனால் இந்த மனிதர் இரண்டு மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, "அண்ணாச்சி, தப்பு எம்மேலயும் இருக்கு" என்று பேச்சைத் தொடங்கினார். அப்படித் தொடங்கிய ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ரோச் பிறந்தது தருவைகுளம். பதினாறு வயதில் கடலுக்குப் போனார், இருபத்தாறில் கடலை விட்டார். மனைவி விஜிலாவுக்கு நிலையான சம்பளம் வேண்டியிருந்தது. அதே ஊர்க்காரர் ஜெரால்டு ரிக்குகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட். அவர் வழியாக ஒரு ஒப்பந்தக் கம்பெனியில் சேர்ந்தார். இருபத்தெட்டு நாள் ரிக்கில், இருபத்தெட்டு நாள் வீட்டில். பத்து வருடம் அப்படியே ஓடியது. பெண் குழந்தை பிறந்தபோது ஞானஸ்நானத் தொட்டியில் ஞானத்தகப்பனாக நின்று அவளை ஏந்தியது ஜெரால்டுதான். அன்றிலிருந்து இருவரும் ஒருவரை ஒருவர் கும்பாதிரி என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். எங்கள் ஊர் நாசரேத்தில் ஞானஸ்நானத்துக்கு ஒரு சர்ட்டிபிகேட் தருவார்கள். கடற்கரையில் ஒரு சொந்தத்தையே தந்துவிடுகிறார்கள், பிறகு அதைக் கழற்றவே முடியாது.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. அந்தக் கரையில் பிறந்தவன் கப்பலுக்குப் போனாலும் துபாய்க்குப் போனாலும் மீனவர் அட்டையை விடமாட்டான். சங்கச் சந்தாவை வீட்டில் யாராவது கட்டிக்கொண்டே இருப்பார்கள். ரோச் பத்து வருடமாக ஒரு மீனும் பிடிக்கவில்லை, ஆனால் அட்டையில் அவர் மீனவர். அந்த அட்டைதான் அவரைக் கவிழ்த்தது.

குழாய் விழுந்ததும் ஹெலிகாப்டரில் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அவருக்கு நினைவு திரும்புவதற்குள் கால் போய்விட்டது, கதையும் மாறிவிட்டது. ஆஸ்பத்திரியில் 'உடன் வந்தவர் சொன்ன விவரம்' என்று ஒரு கட்டம் இருக்கும். உடன் வந்தவர், ரிக்குக்கு ஆள் ஏற்றிவிடக் காக்கிநாடா வந்திருந்த ஜெரால்டு. ஆந்திரா பக்கம் மீன்பிடிக்க வந்த மச்சினன் படகில் அடிபட்டதாகச் சொல்லியிருந்தார். ரிக் பதிவேட்டிலும் முந்தின நாளே ரோச் இறங்கிப் போனதாக எழுதியாகிவிட்டது. நேரில் பார்த்த இரண்டு பேரும் எங்கேயோ வேறு ரிக்குக்கு மாற்றப்பட்டார்கள்.

பிறகு ஜெரால்டு ஆரஞ்சுப் பழத்தோடு கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். "கும்பாதிரி, கம்பெனிப் பணம் வர வருஷக் கணக்காவும். மீனவர் இன்சூரன்ஸ் மூணு மாசத்துல வந்துரும். அட்டதான் இருக்கே. மொதல்ல இத வாங்கு, அப்புறம் அத நான் பாத்து வாங்கித் தாரேன்."

விஜிலாவின் தம்பி விக்டர் படகு உரிமையாளராகக் கையெழுத்துப் போட்டான். அக்காள் குடும்பத்துக்கு உதவி என்றுதான் போட்டான். ரோச்சும் போட்டார். இரண்டரை லட்சம் வந்தது, ஆஸ்பத்திரிக் கடனுக்கே போனது. கம்பெனிப் பணத்தைக் கேட்கும்போதெல்லாம் "அடுத்த மாசம் கும்பாதிரி" என்றார் ஜெரால்டு. மகளின் ஞானத்தகப்பன் மேல் கேஸ் போட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது என்று ரோச்சும் வாயை மூடிக்கொண்டிருந்தார். எங்களிடம் வந்தபோது இருபத்திரண்டாவது மாதம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஏனென்றால் சட்டம் முழுக்க அவர் பக்கம்தான் இருந்தது. ஜெயஷீலா அவருக்கு விளக்கிச் சொன்னார். விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் இழப்பீட்டு மனு போடலாம். ஆந்திராவுக்கு அலைய வேண்டாம், குடியிருக்கிற பகுதியிலேயே போடலாம். ஒப்பந்தக் கம்பெனி கைவிரித்தால் அதற்கு மேலே இருக்கிற எண்ணெய்க் கம்பெனியையும் பொறுப்பாக்கலாம். ஒன்றும் வேண்டாம் என்று எழுதி வாங்கியிருந்தால்கூட அது செல்லாது. ஒன்பது லட்சத்துக்குக் குறையாமல் வரும்.

"அந்தப் படகுக் காகிதம் மட்டும் இல்லாட்டா" என்று நிறுத்தினார் ஜெயஷீலா. "நீங்க கூண்டுல ஏறி, அது பொய்னு சொல்லணும். அந்த ரெண்டரை லட்சத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். உங்க மச்சினரும் வந்து அதையே சொன்னா பிழைச்சோம். ஆனா அவர் மேலயும் கேஸ் வரலாம். படகுப் பதிவு, டீசல் மானியம், எல்லாத்துக்கும் ஆபத்து."

ரோச் மடித்துக் கட்டிய லுங்கிச் சாரத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "கேட்டுப் பாக்கேன் மேடம்" என்றார்.

மறுவாரம் வந்து, விக்டர் சம்மதித்துவிட்டான் என்றார். "சரி அத்தான்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டான் அண்ணாச்சி" என்று என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் வெட்கத்தோடு ஒரு சிரிப்பு. செயற்கைக் கால் வைத்துக்கொண்டு துறைமுகத்தில் எடைமேடை வேலைக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். விஜிலா இறால் கம்பெனியில் தோல் உரித்து விரலெல்லாம் வெந்து போயிருந்தாள். அவளை அந்த வேலையிலிருந்து நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை.

விசாரணை திருநெல்வேலியில். ரோச்சும் விஜிலாவும் பஸ்ஸில் வந்தார்கள். நானும் கண்டக்டரும் சேர்ந்துதான் அவரை இறக்கினோம். கூண்டில் அவர் ஒரு வார்த்தை பிசகவில்லை. கம்பெனி வக்கீல் காகிதத்தை நீட்டி, "இது யார் கையெழுத்து?" என்றார்.

"என் கையெழுத்துதான். எழுதியிருக்கது பொய். ஆஸ்பத்திரிக் கடனுக்காவப் போட்டேன். என் கால் ரிக்லதான் போச்சு."

கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பெருமையாக இருந்தது. அது நிலைக்கவில்லை. அடுத்து விக்டரைக் கூப்பிட்டார்கள். எங்கள் சாட்சியாக வரவேண்டியவன் கம்பெனிச் சாட்சியாக ஏறினான்.

"என் போட்லதான் சார் நடந்திச்சு" என்றான். "வின்ச்சுல சாரம் மாட்டி இழுத்திட்டு. நாந்தான் துண்டக் கிழிச்சுக் கட்டுனேன். தண்ணி கேட்டாரு, குடுத்தேன்." சொல்லிக்கொண்டே அழுதான். பொய்க்கு நடுவே அந்த அழுகை மட்டும் நிஜம். ஜெயஷீலா அரை மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தார். தேதி, நேரம், காற்று அடித்த திசை எல்லாவற்றையும் பிசகாமல் ஒப்பித்தான். நன்றாகத் தயார் செய்திருந்தார்கள்.

வெளியே வந்ததும் ஜெயஷீலா, "இனி இதுல ஒண்ணுமில்ல நேசக்குமார்" என்று கேஸ் கட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பிறகு வந்த உத்தரவும் அதையேதான் சொன்னது.

அன்று வாசலில் ஜெரால்டின் கார் நின்றது. விக்டர் வந்ததும் அதில்தான். ஜெரால்டு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஏறு கும்பாதிரி, வீட்ல விடுதேன்" என்றார். "ஒன் பேச்ச அவங்க நம்பாட்டா நல்லதுக்குத்தான்னு நெனச்சுக்க. அந்த ரெண்டரைய இன்சூரன்ஸ்காரன் திருப்பிக் கேக்கமாட்டாம்லா." இந்த மனிதனை ஓங்கி ஒன்று விட வேண்டும்போல இருந்தது. என் கையில் கேஸ் கட்டு இருந்தது.

ரோச் அவரைப் பார்க்கவே இல்லை. ஊன்றுகோல்களை ஊன்றிக்கொண்டு விக்டர் முன்னால் போய் நின்றார். "ஏலே, ஒன்னிய நான் கட்டாயப்படுத்துனனா? முடியாதுன்னு சொல்லியிருந்தா வந்திருக்கவே மாட்டம்லே."

பதில் விஜிலாவிடமிருந்து வந்தது.

"அவனக் கேக்காதிய. போட்லதான் நடந்திச்சுன்னு நாந்தான் சொல்லச் சொன்னேன்."

ரோச் திரும்பினார்.

"போட்டப் புடிச்சுட்டா நாம என்னத்தத் திங்க? ரெண்டு வருசமா நம்ம வீட்ல ஒல கொதிக்கது அவன் தார மீன்ல. கேஸ் செயிச்சாலும் பணம் எப்ப வரும்னு மேடத்துக்கே தெரியாது. ஒங்க காலு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும். அது போதாதா?"

அவள் குரல் உடையவில்லை. சொல்லி முடித்துவிட்டுக் காரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "வாங்க" என்றாள். "பஸ்ல ஒங்களத் தூக்கி ஏத்த என்னால ஆவாது."

ரோச் என்னைப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டுக்கு அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். தருவைகுளத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கால் நீட்ட வசதியாக முன் சீட்டை ஜெரால்டு பின்னால் தள்ளி வைத்திருந்தார். விக்டர் ஊன்றுகோல்களை வாங்கி டிக்கியில் வைத்தான். பிறகு அத்தானைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி, ஜெரால்டின் பக்கத்தில் உட்கார வைத்தான். ரோச் தடுக்கவில்லை. கதவை நான்தான் சாத்தினேன்.