ஏரிக்கரையில் நான் கேட்ட கேள்வி

ஒக்ரோபர் கடைசியில், ரொறன்ரோவிலிருந்து மூன்று மணிநேரம் வடக்கே கார் ஓடி, ஒரு ஏரிக்கு ரெயின்போ ட்ரவுட் மீன் பிடிக்கப் போயிருந்தேன். மத்தியானம் வரை ஒன்றும் அகப்படவில்லை. பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இளம் தமிழ்ப் பெண் இரண்டு பிடித்துவிட்டாள்.

“அங்கிள், எட்ட எறியாதேங்கோ. குளிர் தொடங்கினா உது கரைக்குத்தான் வரும்,” என்றாள்.

அப்படியே எறிந்தேன். கொஞ்ச நேரத்தில் தூண்டில் வளைந்தது. அவளே தண்ணீரில் இறங்கி, தன் வலையால் என் மீனை ஏந்தித் தந்தாள்.

நன்றி சொல்லாமல், “நல்லாப் பிடிக்கிறீர். ஊரில எந்த இடம்?” என்று கேட்டேன். எங்கள் ஆட்கள் சாதியை அறியத்தான் அப்படிக் கேட்பது. இவள் மீன்பிடிச் சாதியோ என்று எனக்குள் ஒரு எண்ணம்.

அவள் நனைந்த காற்சட்டையைப் பிழிந்தபடி, “நீங்கள் நினைக்கிற ஆக்கள்தான், அங்கிள். ஆனா நான் பிறந்தது இங்க, ரொறன்ரோ பார்க்டேலில. மீன்பிடி வீடியோ பாத்துத்தான் பழகினனான்,” என்றாள். குரலில் கோபமில்லை. திரும்பிப் போய்த் தன் தூண்டிலை எடுத்தாள்.

மன்னிப்புக் கேட்காமல் நானும் என் தூண்டிலை எடுத்து எறிந்தேன்.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை. ஆனால் புதிதாக ஒரு தமிழரைச் சந்தித்தால் அது இன்னமும் மனதில் எழும்புகிறது. வெட்கத்தோடு அடக்கிக்கொள்கிறேன்.