வடிதுணியில் நின்ற நீலம்

1. நீலச் சாயம் போட்ட பனியன் துணி முழுக்கப் புள்ளிகளாக வந்தது.
2. "லேப் பொண்ணு போட்ட அளவு தப்புங்க" என்றார் டையிங் மாஸ்டர்.
3. லேபில் சாய அளவு போடும் என்னை முதலாளி வேலையிலிருந்து நிற்கச் சொன்னார்.

போகும் முன், முதலாளி எதிரிலேயே, மாஸ்டர் அடுத்த துணிக்குக் கலக்கிய சாயத்தை வடிகட்டச் சொன்னேன்.

"காபியா கண்ணு, வடிகட்ட?" என்று மாஸ்டர் சிரித்தார்.

வாளியின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, அவர் கையாலேயே ஊற்ற வைத்தேன். கரைந்த சாயம் இறங்கியது. கரையாத தூள் துணியில் அதே புள்ளிகளாக நின்றது. வெந்நீருக்குக் காத்திருக்காமல் பச்சைத்தண்ணீரில் கலக்கியிருந்தார்.

"ஏனுங்க மாஸ்டர், கரையவே இல்லீங்களே?" என்றார் முதலாளி.

நான் அதோடு விடவில்லை. அந்த வடிதுணியை மாஸ்டரின் மேஜைக்கு மேலே மாட்டினேன்.

முதலாளி என்னைப் போக விடவில்லை; இன்றும் லேபில்தான் இருக்கிறேன். சாயம் கலக்கும் ஒவ்வொரு முறையும், என் ஒப்புதலுக்காக மாஸ்டர் வடிதுணியோடு என் முன்னால் வந்து நிற்கிறார். கரைந்ததா என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்; ஆனாலும் "சரிங்க" என்று சொல்ல நான் அவசரப்படுவதில்லை.